சகலை வீட்டு சவுண்ட்பார்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் எனக்குச் சகலை. இருவரும் குண்டடத்தில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். எனக்குக் கல்யாணமான ஒன்றரை வருடத்தில் அவருக்கு ஆனது. அப்போது நான் நெருப்பெரிச்சலில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். அவர் ராயபுரத்தில் ஒரு கட்டிங் செக்ஷனில் வெட்டுவதற்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார். இன்று நான் அதே கம்பெனியில் ஹெட் பிட்டர். அவர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் முதலாளி.

எனக்குள் இருந்ததற்குப் பொறாமை என்று நான் வெகுநாள் பெயர் வைக்கவில்லை. அவர் கார் வாங்கியபோது, அந்த வண்டிக்கு மைலேஜ் வராது என்று என் மனைவியிடம் சொன்னேன். பல்லடம் ரோட்டை ஒட்டி இடம் வாங்கியபோது, மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும் என்றேன். தண்ணீர் நிற்கவில்லை. அதே இடத்தில் மாடி வைத்துப் புதுவீடு கட்டிக் குடி போனார்.

குடி போன அன்று காலையில் ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்தார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அதன் கீழே கறுப்பாக, நீளமாக ஒரு சவுண்ட்பார். ரிமோட்டை அழுத்தினார். பாரின் இரண்டு முனைகளிலும் மூடி விலகியது. உள்ளேயிருந்து இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் மெல்ல மேலே எழுந்து, நின்று, நாங்கள் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பின. பிறகுதான் சத்தம் வந்தது. வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

சத்தத்தை நான் கவனிக்கவே இல்லை. அந்த அசைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் மிஷின்களோடு இருக்கிறேன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றால்கூடக் கத்த வேண்டும். இங்கே ஒரு மோட்டார் ஓடுகிறது, ஒரு பொருளை மேலே தூக்குகிறது, திருப்புகிறது, ஒரு முனகல்கூட இல்லை. இப்படி ஒரு மிஷினை நான் கையால் தொட்டதே இல்லை. அதை வைத்திருப்பவருக்கோ ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாது.

அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இது எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம சகலையக் கேளுங்க. மிஷின் வெவரமெல்லாம் அவருக்குத்தானுங்க தெரியும்."

அவர் என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார். ஆனால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "உள்ள சின்ன மோட்டார் இருக்குமுங்க" என்றேன். அது அங்கிருந்த எல்லோருக்குமே தெரிந்த விஷயம்.

எல்லோரும் பந்திக்கு மாடிக்குப் போனார்கள். நான் கை கழுவப் போகிறவன் போல நின்றுவிட்டு ஹாலுக்குத் திரும்பினேன். யாருமில்லை. ரிமோட்டை எடுத்து பாரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஸ்பீக்கர்கள் எழ ஆரம்பித்தன. இடது பக்கத்து ஸ்பீக்கர் பாதி வந்தபோது அதன் தலையில் என் கட்டை விரலை வைத்து அமுக்கினேன்.

எதற்காக என்று கேட்டால், அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்க என்றுதான் அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது விரலுக்கு அடியில் இரண்டு முறை எம்பிப் பார்த்தது. நான் விடவில்லை. மூன்றாவது முறை உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பல்சக்கரம் பிடி விட்டுப் பல் தாண்டுகிற சத்தம். விரலை எடுத்தேன். அது பாதியிலேயே நின்றது. அணைத்தேன், இறங்கிக்கொண்டது. மேலே ஒட்டியிருந்த விரல் ரேகையை வேட்டி முனையால் துடைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"ஏனுங்க சகலை, ஞாயித்துக்கெழமை கொஞ்சம் ஊட்டுக்கு வந்துட்டுப் போக முடியுங்களா? அந்த சவுண்ட்பாருல லெஃப்ட் சைடு மேல வர மாட்டீங்குது. சர்வீஸுக்குக் கூப்பிட்டா கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரோணுமாமா. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்ங்கறாங்க."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனை வைத்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நம்மிடம் வந்துதானே ஆக வேண்டியிருக்கிறது என்ற சந்தோஷம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். மனைவியும் கூட வந்தாள். சகலை சவுண்ட்பாரோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருந்தார். ரிமோட்டை அழுத்திக் காட்டினார். வலது ஸ்பீக்கர் ஒழுங்காக எழுந்து திரும்பியது. இடது பக்கம் விரற்கடை அளவு எழுந்தது, டக் டக் என்று இரண்டு முறை தடுமாறியது, பயந்தது போல உள்ளே போய்விட்டது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"எப்ப இருந்துங்க இப்படி?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"குடி வந்து மக்கா நாளு, விடிஞ்சதுமே இப்படித்தானுங்க. இவதான் கைய வெச்சிருப்பான்னு ரெண்டு போட்டேன். ஒத்துக்கவே மாட்டீங்கறா."

அவர் காட்டியது அவருடைய மகளை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சோபாவில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் தொடவே இல்லீங்க பெரியப்பா."

"தெரியும் கண்ணு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சகலையும் என்னைப் பார்த்தார். "மிஷினைப் பாத்தாலே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டு மறுபடி மாட்டினோம். அதே தடுமாற்றம். புத்தகத்தில் இருந்தபடி பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தோம். சிவப்பு விளக்கு வெள்ளையாக மாறியது, ஸ்பீக்கர் எழப் பார்த்தது, மறுபடி சிவப்பு. திருகைக் கழற்றித் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று சகலை கவலைப்பட்டார். கழற்ற மாட்டேன் என்றேன்.

ஸ்க்ரூ டிரைவரின் முனையை பாரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, அவரை ரிமோட்டை அழுத்தச் சொன்னேன். நிட்டிங் மிஷினில் பேரிங் போயிருக்கிறதா என்று இப்படித்தான் கேட்போம். மோட்டார் நன்றாகச் சுற்றுவது கேட்டது. ஒரே இடத்தில் மட்டும் பல் பிடிக்காமல் நழுவியது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டேன். அது எனக்காக விட்ட மூச்சு.

கரண்டை எடுத்துவிட்டு, மூடி விலகும் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரைத் தூக்கிக் கொடுக்கும் பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை தன் தடத்தை விட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பையில் தேய்ந்துபோன நிட்டிங் ஊசிகள் சில எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, கொக்கி முனையை இடுக்கில் விட்டு, பட்டையின் அடியில் கொடுத்து இழுத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பட்டை தடத்தில் போய் உட்கார்ந்தது விரலுக்குத் தெரிந்தது.

கரண்டைக் கொடுத்து, மறுபடி இரண்டு பட்டன்களையும் அமுக்கினோம். வெள்ளை விளக்கு. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாகத் திரும்பின.

சகலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். "சர்வீஸ் ஆள் வேண்டாமுங்க. எங்க சகலை திருகுகூடக் கழட்டாம சரி பண்ணிட்டாரு. அவரு கை அப்படிங்க." கொழுந்தியாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் என்னைப் புகழப் புகழ எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தாராளமாகப் புகழ ஒரு மனிதனுக்கு எப்படி முடிகிறது? அவர் நல்லது செய்தபோதெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பணம் இருப்பதால் மனசு பெரிதாக இருக்கிறது என்று நினைத்தேன். உடனே, துணி விரித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் இப்படித்தான் இருந்தார் என்பதும் ஞாபகம் வந்தது.

கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள். "அன்னிக்கு நீங்க அதை அமுக்கிட்டு நின்னதை நானு பாத்தேன்."

வண்டியை ஓரம் கட்டினேன். "எப்ப?"

"தண்ணிச் செம்பெடுக்கக் கீழ வந்தேன். கட்டை வெரல வெச்சு அமுக்கிட்டு நின்னீங்க."

"அப்பறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது. அதுக்குச் சித்த முன்னாலதான் நானு தங்கச்சி பீரோவத் தொறந்து பட்டுச்சீலை எத்தனை இருக்குதுன்னு எண்ணிட்டு வந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா புள்ளைய அடிச்சது எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியும். வண்டியத் திருப்புங்க."

"இன்னொரு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நீங்க சொல்லலீன்னா நானு போயிச் சொல்றேன்."

திருப்பினேன். சகலை எதையோ மறந்துவிட்டுப் போய்விட்டோம் என்று நினைத்து வாசலுக்கு வந்தார். ஹாலில் அதே சோபாவில் உட்கார்ந்து சொன்னேன். குடி போன அன்று எல்லோரும் மாடிக்குப் போனதும் நான்தான் அமுக்கினேன், பல் தாண்டிய சத்தம் கேட்டது, சொல்லாமல் வந்து சாப்பிட்டேன். குழந்தை தொடவில்லை.

அவர் சவுண்ட்பார் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சகலை அப்படிப் பண்ணுனீங்க?"

சும்மா அமுக்கிப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "பொறாமைங்க" என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "கண்ணு, நீ தொடலீன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அப்பா உன்ன அடிச்சது தப்பு சாமி."

"நாந்தான் அன்னிக்கே சொன்னனே" என்றாள் அவள். மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டாள். இந்த முறை எங்களைக் காபி குடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் அவரிடமிருந்து போன் இல்லை. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். அதில் எங்கள் இருவரைப் பற்றிய பேச்சு வரவில்லை என்று மனைவி சொன்னாள். நிட்டிங் மிஷின்களுக்கு நடுவில் நிற்கும்போது அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் அடிக்கடி கேட்கும். சொன்னதற்காக வருந்தினேனா என்றால், சில நாள் வருந்தினேன்.

பொங்கலுக்குக் குண்டடம் போனபோது அவரும் வந்திருந்தார். முதல் நாள் முழுக்க வேட்டியைச் சரி செய்வதும் போனைப் பார்ப்பதுமாக இருவரும் தள்ளித் தள்ளியே இருந்தோம். இரண்டாம் நாள் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹாலுக்கு ஒரு சேர் வாங்கியிருக்கனுங்க. பட்டனைத் தொட்டா தானா சாஞ்சுக்குது, காலுக்குப் பலகை மேல வருது. அதுக்கும் மோட்டார்தான்."

"நல்லதுங்க."

"வந்து பாருங்க சகலை." வேட்டி முனையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். "நானு இருக்கற நேரமாப் பாத்து வாங்க."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். வருகிறோம் என்றேன்.

ஊருக்குத் திரும்பும் வழியில் மனைவியிடம் சேர் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன கலரு?" என்றாள்.

"காப்பிக் கலரு."

"அதையும் கேட்டீங்களாக்கும்?"

"கேட்டேன்" என்றேன். அந்த மாதிரி ஒன்று நாங்களும் வாங்கினால் இரண்டு பேர் உட்கார முடியுமா என்றும் கேட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.