அவசரமாக நீண்ட கை

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தார். "சுகன்யா, உங்க அண்ணன் போய்ட்டாரும்மா." ஆபரேஷன் முடியவே இல்லையாம். நான் ஆரணியில் என் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் தசரதன் பட்டுக்குச் சாயம் போடுபவர். 1993இல் வடக்கே நடந்த தேசிய 'பி' சதுரங்கப் போட்டிக்குப் போனார். அதில் மேலே வருபவர்கள்தான் நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்களோடு மோத முடியும். கடைசிச் சுற்றில் எதிரே மப்ளர் சுற்றிய கல்கத்தாக்காரர். ஜெயித்தால் இடம் நிச்சயம். டிரா என்றால் பக்கத்து மேசைக்காரர் தோற்க வேண்டும். யானையைப் பலி கொடுத்தால் கல்கத்தாக்காரரின் ராஜா பலகை நடுவுக்கு வந்தாக வேண்டும். அதற்கப்பால் அண்ணன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய் டிரா கேட்டார். கல்கத்தாக்காரர் சம்மதமென்று உடனே கை நீட்டினார். பக்கத்து மேசைக்காரர் ஜெயித்துவிட்டார்.

"அந்தக் கை அவ்ளோ ஜல்தியா வந்திருக்கக் கூடாதும்மா" என்பார் அண்ணன்.

அந்தப் போட்டியின் மற்ற ஆட்டங்களைச் சிரித்துக்கொண்டே ஆடிக் காட்டுவார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால், தெரியாமல் குதிரையைத் தொட்டுவிட்ட ஐதராபாத் ரயில்வேக்காரர் தலையில் அடித்துக்கொண்டதைக்கூட நடித்துக் காட்டுவார். தன் ஆட்டத்தில் மட்டும் யானையிடம் வந்ததும் பலகையை மடித்துவிடுவார்.

"கை குடுக்கறதுக்கா அவ்ளோ தூரம் ரயில்ல போன?" என்று டீக்கடை வேலு சீண்டுவார். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

புடவைக் கரை டிசைன் போடும் என் கம்ப்யூட்டரில் செஸ் மென்பொருள் ஏற்றியபோது சொன்னேன். "நீங்க விட்ட எடத்த போட்டுப் பாக்கட்டுமாண்ணா? ஒரு நிமிசத்துல சொல்லிடும்."

"வாணாம்மா. ஜெயிப்புன்னு சொன்னா நான் எப்படித் தூங்குவேன்? இல்லன்னா, இத்தினி வருசம் இன்னாத்துக்கு பயந்துகினு இருந்தேன்?"

அதன்பிறகு என் கடைக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்.

2004இல் இதயத்தில் வால்வு பழுது என்றார்கள். வேலூர் பஸ்ஸில் ஏறும்போது திரும்பினார்.

"அதப் போட்டுப் பாத்து வைம்மா. நான் வந்து கேட்டா மட்டும் சொல்லு."

"பயம் போய்டுச்சாண்ணா?"

"எங்க போச்சு? அதவிடப் பெரிசு ஒண்ணு வந்து குந்திகினு இருக்குது."

அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நேரத்தில் சும்மா இருக்க முடியாமல்தான் திரையில் காய்களை வைக்க ஆரம்பித்தேன். பாதியில் போன் வந்தது. காரியம் முடிந்து கடை திறந்ததும் மிச்சத்தை வைத்தேன். இரண்டு ராஜாக்களும் இருந்தால்தான் மென்பொருள் யோசிக்கத் தொடங்கும்.

கல்கத்தாக்காரரின் ராஜாவை நான் இன்னும் வைக்கவில்லை.