வேலி தாண்டி வந்த கிளைகள்

என் அண்ணியின் பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கத்திரியம்மா என்றால் தெரியும். காட்டோரம் புதர் வெட்டும் கூலிக் குழுவுக்கு அவர்தான் தலைவி. நான் அதே குழுவின் லாரி டிரைவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன என் அண்ணனைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரி ஏறுவார். ஏறியதும் நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டுவார்.

காட்டுச் சரிவை ஒட்டி ஒரே வரிசையாக ஒன்பது வீடுகள். கடைசி வீடு அண்ணியுடையது. போன கோடையில் எதிர் மலை எரிந்ததைப் பார்த்து எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். அண்ணி வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: பின்சரிவில் புதரை வெட்டுங்கள், மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள், நெருக்கமாக நிற்கும் கன்றுகளைக் குறையுங்கள். வெட்டியதை அங்கேயே போட்டுவைக்காதீர்கள், நிற்கிற செடியைவிட அதுதான் சீக்கிரம் பற்றும், ரோட்டு முனைக் குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள். எல்லோரும் தலையைத் தலையை ஆட்டினார்கள்.

வெட்டவும் செய்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். குழிவரை சுமக்கத்தான் ஒருவருக்கும் உடம்பு வளையவில்லை. முதல் வீட்டு மளிகைக்காரர் தன் கிளைகளை வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுச் சரிவில் தள்ளினார். அந்த வீட்டுக்காரர் வந்ததோடு தன்னுடையதையும் சேர்த்து அடுத்த வேலியைத் தாண்டிப் போட்டார். இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர் அடுத்தவர் தலையில் கட்டி, எட்டு வீட்டுக் குப்பையும் அண்ணி வீட்டுப் பின்சுவரில் வந்து குவிந்தது. த்தூ, மனுஷ ஜென்மங்களா இவர்கள்? அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் எழுந்து நடக்க முடியாதவனின் கட்டில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி கேட்காமல் இல்லை. போய் நின்ற வாசலிலெல்லாம் ஒரே பதில்.

"நான் போட்டது கொஞ்சம்தாம்மா. பக்கத்து வீட்டுலேர்ந்து வந்ததுதான் ஜாஸ்தி."

வாய் கூசாமல் சொன்னார்கள். பின்சரிவுக்கு லாரி போக வழி கிடையாது. அண்ணி கிளைகளைத் தார்ப்பாயில் அள்ளிப்போட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் குழிக்கு இழுத்தார். லீவு நாளில் நானும் போய் இழுத்தேன். நாங்கள் குறைக்கக் குறைக்க, வேலிக்கு மேலிருந்து இன்னும் வந்து விழுந்தது. இடம் காலியாவது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

எட்டுப் பேரும் ஒன்றை மறந்தார்கள். ரோட்டிலிருந்து எண்ணினால்தான் அது கடைசி வீடு. காடு அடர்ந்த பக்கத்திலிருந்து எண்ணினால் அதுதான் முதல் வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீ அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. குவியல் பற்றியதும் ஜன்னல் கண்ணாடி வெடித்தது. எட்டு வீட்டுக்காரர்களும் போட்டது போட்டபடி வண்டியேறிப் பறந்தார்கள். ஒருவரும் கடைசி வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. அண்ணி அண்ணனைக் கட்டிலிலிருந்து அதே தார்ப்பாயில் உருட்டி, தெருமுனைவரை தனியாக இழுத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது, இழுத்த இழுப்பில் அண்ணனின் முதுகெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. உயிர் இருந்தது. வீடு பாதி போய்விட்டது. பக்கத்துச் சரிவுகளில் எரிய ஒன்றும் இல்லாததால் தீ அங்கேயே அடங்கியது.

மறுநாள் கும்பலாக விசாரிக்க வந்தார்கள். மளிகைக்காரர் கரிந்த சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாங்கல்லாம் சுத்தமா வெச்சிருந்தோம், தப்பிச்சோம். நீயும் கொஞ்சம் பாத்திருக்கலாம்மா."

அடித்துவிடுவேனோ என்று பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அண்ணி தார்ப்பாயை விரித்து, பாதி எரிந்த கிளைகளை அள்ளிப்போட்டு, தெரு வழியாக இழுத்துக்கொண்டு போனார். குழிக்குப் போகிறார் என்று நினைத்துக் கும்பலும் பின்னாலேயே கலைந்து அவரவர் வீட்டுக்கு நடந்தது. அண்ணி மளிகைக்காரரின் வாசலில் நின்று, மொத்தத்தையும் கேட்டுக்கு உள்ளே கவிழ்த்தார்.

"என்னம்மா இது?"

"உங்களுதுதான். மத்தவங்களுதும் வருது, இருங்க."

காலித் தார்ப்பாயோடு அண்ணி திரும்பி நடந்தார். அவர் வர வர, ஒவ்வொரு வீடாகக் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. தீக்குப் பயந்து ஓடிய அன்று ஒருவரும் கேட்டைப் பூட்டவில்லை.