நான்கு டிஸ்குகளும் சந்தனப் பொட்டும்

சென்ற ஆண்டு ஆயுத பூஜையின்போது, ஆரணியில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடந்தது இது. அங்கே குடியிருக்கும் பெண்மணி, பட்டுச்சேலைகளுக்கான பார்டர், முந்தானை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குத் தருகிறவர். அவருடைய பல வருட உழைப்பு முழுவதும், நான்கு டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைத்த ஒரு பெட்டியில் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். "டிஸ்கை மட்டும் ஏன் சார் உடணும்? அதானே சோறு போடுது" என்றார். நானே கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் திருப்பிச் செருகும்போது வரிசை மாறிவிட்டது. பழைய இணைப்பை அடையாளம் காண முடியாத பெட்டி, புதிதாக உருவாக்கலாமா என்று கேட்டது. சரியாகப் படிக்காமல் சம்மதம் கொடுத்தேன். ஒரு டிசைனும் இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டியில் குறையில்லை, ஃபைல்கள்தான் தானாகக் கெட்டுவிட்டன என்று காட்டுவதற்காக, எங்கள் சர்ச் பாடல்களை அதில் ஏற்றிப் பாட வைத்தேன். மேலே எழுதினால் அடியில் இருப்பது அழியும் என்று எனக்குத் தெரியும்.

கல்யாண மாதம் நெருங்கியது. அவருடைய டிசைனுக்காகத் தறிகள் காத்திருந்தன. சென்னையில் டேட்டா மீட்டுத் தருபவரிடம் ஸ்பீக்கரில் பேசினோம்.

"இன்னா நடந்துச்சுன்னு கரெக்டா சொன்னாத்தாங்க தேட முடியும்" என்றார் அவர்.

அந்த அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன்.

அந்த அம்மா, "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பாட்டுக் கச்சேரி போட்ட எடமாவது மிச்சமாயிருக்கும் சார். பேஜார் பண்ணிட்டீங்களே" என்றார்.

சென்னைக்காரர் முதலில் ஒவ்வொரு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்தார். நகல்களில் மிஞ்சியிருந்த பழைய இணைப்பின் தடயங்களை வைத்து வரிசையைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான டிசைன்கள் வந்துவிட்டன. பாடல்கள் போய் உட்கார்ந்த இடத்தில் இருந்தது மட்டும் திரும்பவில்லை. அந்தக் கல்யாண மாதத்துக்கென்று அவர் வரைந்து முடித்திருந்த அன்னப்பட்சி பார்டர் அது. அவர் முதலிலிருந்து வரைந்து முடிக்கும்வரை தறிகள் சும்மா நின்றன.

இந்த ஆண்டு பூஜைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். முதல் டிஸ்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு.

"எண்ணிகினே செருகுங்க சார்" என்றார், சிரிக்காமல்.

அந்தப் பொட்டுகளைப் பார்க்கும்போது, டிஸ்குகளை மாற்றிச் செருகிய நிமிடம் என் நினைவுக்கு வருவதில்லை. பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்று அவரிடம் நான் கேட்டதுதான் வருகிறது.