வேதநாயகியின் மோட்டார் நின்ற மத்தியானம்

பெங்களூர் பொம்மசந்திராவில், மருந்து கலக்கும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2001-இல் திரும்பிய நான், அங்கே கையேடு எழுதச் சேர்ந்தேன். பக்கத்து மேஜை வேதநாயகி அக்காவுடையது. ஆறு வருடம் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வரிசையில் இருந்தவர். ஈஜிபுரா வீட்டில் சமையலை முடித்துவிட்டு சி மொழி படித்து, புரோகிராம் எழுத வந்தார். ஆறு மாதச் சோதனைக் காலம். முதல் பெட்டி தேறினால் மேஜை நிரந்தரம். இல்லாவிட்டால் வரிசையில் பழைய ஸ்டூல்.

அந்த முதல் பெட்டியைச் சோதிக்க அன்று காலை, பெட்டி வாங்கும் கம்பெனியிலிருந்து ஸ்ரீகண்டன் தன் கம்ப்யூட்டரோடு வந்தார். மோட்டார் இணைத்திருந்த பெட்டியில் கேபிளை மாட்டி, 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் தட்டி, என்டரை அழுத்தினார். மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினார். அப்போதும் சுற்றியது. அக்காதான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

"ஊட்டா முடிச்சுட்டு வரேம்மா. அதுக்குள்ள பாருங்க," என்று ஸ்ரீகண்டன் கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

சால்டரிங் வரிசையிலிருந்து ஷங்கர் எட்டிப் பார்த்தான். "அக்கா, உங்க ஸ்டூலைத் துடைச்சு வைக்கட்டா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடா."

அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் மோட்டார் உடனே நின்றது. ஸ்ரீகண்டனுடையதிலிருந்து அனுப்பினால் இல்லை. திரையில் இரண்டும் அதே நாலு எழுத்து.

"கண்ணுக்குத் தெரியாம ஏதோ கூட வருது," என்ற அக்கா, பெட்டிக்கு வந்துசேரும் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் காட்டும்படி இரண்டு வரி சேர்த்தார். "அவர் கம்ப்யூட்டர்ல நீ தட்டு."

தட்டினேன். 83, 84, 79, 80, 13, 10.

"பதிமூணு!" மேஜையில் ஓங்கி அடித்தார்.

வரி முடிந்ததென்று சொல்ல அக்காவின் சோதனை புரோகிராம் 10 மட்டும் அனுப்பும். ஸ்ரீகண்டன் கம்ப்யூட்டரின் என்டரோ முன்னால் ஒரு 13-ஐயும் அனுப்பியது. பெட்டி 10-ஐ நீக்கிவிட்டு, 13 ஒட்டிக்கொண்ட சொல்லை 'ஸ்டாப்'போடு ஒப்பிட்டு, இது வேறு என்று ஒதுக்கியிருக்கிறது.

"நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே பாஸ் போட்டுக்கிட்டேன், பாரு."

13 வந்தால் சேர்க்காதே என்று ஒரே ஒரு வரி எழுதி சிப்பில் ஏற்றினார்.

ஸ்ரீகண்டன் வந்து தட்டினார். மோட்டார் நின்றது. நம்பாமல் பத்து முறை தட்டினார். பத்து முறையும் நின்றது.

"ஆய்த்தும்மா, முடிஞ்சுது. சைன் போட்டுடறேன்."

மூன்று மணிக்கு அக்கா டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சித்ரான்னத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். முதல் வாயை மென்றபடியே குரல் கொடுத்தார்: "ஷங்கர், என் ஸ்டூலை வரிசைக்குப் புதுசா வந்த பொண்ணுக்குக் குடுத்துடு. ஒரு கால் ஆடும், சொல்லி வை."