அவளுக்கு நான் எழுதிய காதலன்

இல்லாத ஒருவனை ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் எழுதிவைத்தேன். அவன் இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். இதுதான் நான் செய்த குற்றம்.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். பட்டப்படிப்பில் பழைய ஆங்கிலக் கவிதைகளைப் படித்துப் பைத்தியம் பிடித்தவள். காடு, ஓடை, தனிமை, காரணம் தெரியாத துயரம்... அந்தப் பாணியில் தமிழில் எழுதவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அந்தக் கவிஞர்கள் மலைகளில் நடந்தார்களாம். நானும் விடுமுறை நாட்களில் றப்பர் மலைக்குள் நடந்தேன், கையில் குடையும் அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலமுமாக! நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அங்கேதான் தவமணியைப் பார்த்தேன். ஐந்தாம் நம்பர் மலையில் றப்பர்ப் பால் வெட்டுகிறவள். ஓடைக்கரைப் பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். காலையில் மரங்களின் பட்டையை வெட்டிவிட்டால், சிரட்டைகளில் பால் வடிந்து நிறையும்வரை வேலையில்லை. பிறகுதான் வாளியோடு எழுந்து சேர்க்கப் போகவேண்டும். தோட்டத்தை அடுத்த கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனால் பால் வடியக் காத்திருப்பதில் என்ன கவிதை இருக்கிறது என்று நினைத்தேன்... பாவி!

'யாருக்காய் இந்தத் தனிமை, பெண்ணே?
ஓடை கேட்கிறது, நீ சொல்லவில்லை.
மரங்களின் நடுவே ஒரு காலடி
உனக்கு மட்டும் கேட்கிறது.'

இப்படி எழுதினேன். ஐந்தாம் நம்பர் மலையையும் ஓடைப் பாறையையும் அப்படியே வைத்தேன். கோயில் திருவிழாக் கவியரங்கில் அதை வாசித்தேன். கைதட்டல் பிரமாதம். நடத்தியவர் மைக்கிலேயே கேட்டார்: "டீச்சர், இது கற்பனையா, நெசமா?"

"என் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையை எழுதுகிறவள் என்று பெயர் வாங்க ஆசை. வேறென்ன?

அந்தப் பாறையில் உட்காருகிறவள் யார் என்று தோட்டத்துக்கே தெரியும். தவமணிக்குப் பேசி முடித்திருந்த, குருவிட்ட ஊர் மாப்பிள்ளையின் அம்மாவும் அன்று கூட்டத்தில் இருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துத் தவமணி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"டீச்சர், நான் யாரோடயாச்சும் பேசுனத நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. அது கவிதைக்காகச் சேர்த்தது."

"அத மட்டும் மாப்பிள்ள வீட்ல வந்து சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க. ஞாயித்துக்கெழம போலாங்களா?"

"வருகிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. தலைவலி என்று ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன். தலை வலிக்கவே இல்லை! முதல் நாள்தான் ஒரு பத்திரிகையிலிருந்து பேசியிருந்தார்கள். கண்டதைக் கண்டபடி எழுதும் மலையகக் குரல் என்று முன்குறிப்போடு என் கவிதையைப் போடப்போகிறார்களாம். குருவிட்டவில் போய் நின்று 'அது பொய்' என்று சொன்னால் இந்தப் பக்கமும் பரவிவிடாதா? இந்தக் கணக்கைத்தான் நான் போட்டேன்.

கல்யாணம் நின்றுபோனது. கவிதை அச்சில் வந்தது.

அவள் மறுபடி என்னிடம் வரவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஓடைக்கரைக்கும் இப்போது போவதில்லையாம். எல்லார் கண்ணிலும் படும்படி ரோட்டோரத்தில், வெயிலில் உட்கார்ந்து பால் வடியக் காத்திருக்கிறாள் என்று என் வகுப்புப் பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

இரண்டு வருடமாகிவிட்டது. நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது மேகம், மழை, பறவை... மனிதர்களை எழுதுவதில்லை. அது திருந்தியதாலா, பயத்தாலா? பயம்தான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் கடைத்தெருவிலிருந்து பஸ் ஏறினேன். நிற்கவும் இடமில்லை. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று சிங்களத்தில் கத்தி எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளுப்பட்டுப் போய் ஒரு சீட்டின் பக்கத்தில் நின்றேன். தவமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் அரிசிப் பை. என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். நான் அடுத்த ஹோல்ட்டுல எறங்கிருவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வா, இப்போதே குருவிட்டவுக்குப் போவோம் என்று... அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை!

நான் உட்கார்ந்தேன்.

அடுத்த ஹோல்ட் வந்தது. அவள் இறங்கவில்லை. அதற்கடுத்ததும் போனது. அரிசிப் பையோடு, தோட்டத்துக்குத் திரும்பும் முடக்குவரை நின்றுகொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.