ஆறு திருப்பிக் கொடுத்த துணி

அக்டோபரில் எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் நாட்டில், அருவி வெறும் பாறைதான். எல்லைக்கு அந்தப் பக்கம், ஜிம்பாப்வேயில், தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். பயணிகள் பாலத்தைத் தாண்டி அங்கே போய்விடுவார்கள். சாரலே இல்லாத இடத்தில் மழைக்கோட்டை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? சோல்வேயும் நானும் வாடகைக் கோட்டுகளைக் கயிற்றிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, மறுபடி கயிற்றிலேயே போடுவோம்.

சோல்வே டோங்கா இனம். நான் லோசி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. எவ்வளவு குத்தினாலும் கோபப்படக் கூடாது. இருபது வருடமாக அவள் என்னை மாட்டுத் திருடன் என்கிறாள். அவள் புருஷனின் சாவு வீட்டில்கூட நான் கேலி பேசினேன். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

அவள் மகள் லுயாண்டோவுக்குப் பத்தொன்பது வயது. வலிப்பு நோய். கிளினிக் மாத்திரையை விடாமல் போட்டால் வருவதில்லை. ஆனால் கிளினிக்கில் பாதி நாள் மாத்திரை இருக்காது. கேட்டால், மேலிருந்து வரவில்லை என்பார்கள். மேலே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. மருந்து இல்லாத இடத்தில்தான் பேய் குடியேறும்.

அப்படித்தான் செத்துப்போன புருஷனின் அக்கா முடின்டா உள்ளே வந்தாள். அருவிக்கு அடியில் உள்ள சுழியில் குளிப்பாட்டி, இடுப்பில் கட்டிய சிட்டெங்கே துணியை ஆற்றோடு விட்டால் நோயும் அதோடு போய்விடுமாம். அதுவரை மாத்திரை ஆகாதாம். புதிதாக வாங்கிய மாத்திரைப் பொட்டலத்தைத் தன் இடுப்புத் துணியிலேயே முடிந்துகொண்டாள். அப்பன் வழி அத்தையின் பேச்சை எங்கள் ஊரில் லேசில் தட்ட முடியாது. அடுத்த வாரமே லுயாண்டோ வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டாள்.

மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமென்று சோல்வே என்னையும் அழைத்தாள். செங்குத்தான கல் பாதையில் நால்வரும் இறங்கினோம்.

"மாட்டுக்குச் சீக்குன்னா நீங்க டாக்டரைக் கூப்பிடுவீங்க. பொண்ணுக்குச் சீக்குன்னா ஆத்துக்கு இழுத்துட்டு வருவீங்க," என்றேன்.

"அந்த மாட்டைத் திருடித் தின்னவன்தானே நீ," என்றாள் முடின்டா. "மீன் தின்னி. ஆத்தோட மகிமை உனக்கு என்ன தெரியும்?"

"மீனு நாள் பூரா ஆத்துலதான் கிடக்குது அக்கா. அதுக்கும் சீக்கு வருது."

"முபிட்டா, ஏறுறதுக்குக் கொஞ்சம் மூச்சை மிச்சம் வை," என்றாள் சோல்வே என்னிடம். குரலில் சிரிப்பில்லை.

கீழே, முடின்டா லுயாண்டோவைக் குளிப்பாட்டி, சிவப்புச் சிட்டெங்கேயை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள். அது மெல்லப் போனது. பாறையைச் சுற்றியது. திரும்பி வந்து முடின்டாவின் காலில் ஒட்டிக்கொண்டது. குச்சியால் தள்ளினாள். மறுபடி சுற்றிவிட்டு வந்தது.

"ஆவிக்குப் போக மனசில்ல," என்றாள் முடின்டா. "வெள்ளைக் கோழியோட இன்னொரு தடவை வரணும்."

சோல்வே பாறையில் உட்கார்ந்திருந்தாள். "ஆத்துல தண்ணி இல்ல அண்ணி. கோட்டு போகாததும் அதனாலதான், துணி போகாததும் அதனாலதான்."

"வாயக் கழுவு."

"அம்மா, குளிருது," என்றாள் லுயாண்டோ, உள்பாவாடையோடு நடுங்கியபடி. "என் துணியக் குடு. எனக்கிருக்கிற நல்ல துணி அது ஒண்ணுதான்."

சோல்வே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீரில் இறங்கித் துணியை எடுத்து, முறுக்கிப் பிழிந்து, மகளின் இடுப்பில் கட்டினாள். பிறகு நாத்தனார் முன்னால் கையை நீட்டினாள்.

"பொட்டலத்தைக் குடுங்க."

"என் தம்பி இருந்திருந்தா…"

"இருந்திருந்தா இவ கையைப் பார்த்திருப்பாரு."

முடின்டா அந்தக் கையைப் பார்த்தாள். தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. பிறகு, நான் ஏதாவது சொல்லப்போகிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

லுயாண்டோ அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கினாள். ஏறும்போது முடின்டாவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. சோல்வேதான் கை கொடுத்து இழுத்தாள்.

மேலே வந்ததும் லுயாண்டோ ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சிட்டெங்கேயைக் கயிற்றில் காயப்போட்டாள். சோல்வே பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் வரும். அப்புறம் கிளினிக் வாசல்ல போய் உட்காரணும்."

"நானும் வரேன்," என்றேன்.

"வா, திருடா. உன் வாய்க்கு அங்க வேலை இருக்கு."