சித்தப்பா காட்டிய கடல்

எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர்கள் அப்போது அதிகமில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி இன்னும் உள்ளே போகவேண்டிய ஊர். பெரிய தண்ணீர் என்றால் எங்களுக்கு மழைக்காலத்து ஓடைதான். எட்டு வயதிலேயே நான் கடலைப் பார்த்துவிட்டேன் என்றால், அந்தப் பெருமை சித்தப்பாவைத்தான் சேரும்.

அவர் அப்பாவுக்குத் தம்பி முறை. மலையிலிருந்து ஆட்களை வெளிவேலைக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். அந்த முறை அப்பாவையும் குடகுக்கு மிளகு பறிக்கக் கூட்டிப்போயிருந்தார். மிளகு பறிக்கப் போகிறவர் கோடாலிக்கு எதற்குப் புதுக் காம்பு போடுகிறார் என்று அம்மா கேட்கவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

ஒருநாள் காலையில் சித்தப்பா மட்டும் ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கெளம்புங்க. அண்ணன் வேல முடிச்சிட்டு நேரா கடலாண்டதான் வருது. எனக்குத் தெரிஞ்சவரு வூடு ஒண்ணு அங்க சும்மா கெடக்குது. நாலு நாளு ரெஸ்ட்டு எடுத்துட்டு அல்லாரும் ஒண்ணா வந்துடலாம்."

"ரெஸ்ட்டா? எனக்கு இன்னா, ஒடம்பா சரியில்ல? ஆட்ட யாரு பாக்கறது?"

"அதுக்கெல்லாம் ஆளு சொல்லிட்டேன். அண்ணன்தான் இட்னு வரச் சொன்னுச்சு."

கடைசியில் சொன்னதுதான் வேலை செய்தது. அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எனக்குத் தலைவாரிவிட்டாள். அப்பாவின் துவைத்த சட்டை ஒன்றையும் கைலி ஒன்றையும் பையில் மடித்து வைத்தாள். மலையிறங்கும் வளைவுகளில் நான் இரண்டு தடவை வாந்தியெடுத்தேன். கண்ணமங்கலத்தில் சித்தப்பா எனக்குப் பூரி வாங்கிக் கொடுத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அந்த வீடு ஒரு மீனவக் குப்பத்திலிருந்து தள்ளி, சவுக்குத் தோப்புக்குள் தனியாக இருந்தது. நீலச் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே மின்விசிறி, கேஸ் அடுப்பு, ஸ்பிரிங் கட்டில். வாசலில் நின்றால் எதிரே கடல். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இம்மாம் தண்ணி கீது, ஒரு வாய் குடிக்க முடியாதாமே" என்றாள்.

அங்கே அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தண்ணீர் குழாயில் வந்தது. விறகு பொறுக்க வேண்டாம். அரிசி, கோழி, எனக்கு பிஸ்கெட் என்று எல்லாவற்றையும் சித்தப்பாவே வாங்கி வந்தார். அம்மாவின் பழைய போன் சார்ஜ் ஏறவில்லை என்றதும் ரிப்பேர் பார்க்க அதையும் எடுத்துப்போனார். பகலில் தூங்கும் அம்மாவை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில், யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல ஒடுங்கிப் படுத்திருப்பாள். தூங்கி எழுந்தால் முகம் சின்னப்பெண் முகம்போல இருக்கும்.

சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குவார். அலை வரும்போது நான் அவர் முடியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அவ்வளவு பிரியமாக அவர் அதற்கு முன்பு இருந்ததில்லை. போன் வந்தால் மட்டும் என்னை இறக்கிவிட்டு, தூரமாக நடந்துபோய்ப் பேசுவார். இடையில் ஒருநாள் ஊர்ப்பக்கம் வேலை இருக்கிறது என்று போனவர் மறுநாள்தான் வந்தார். வரும்போது எனக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கி வந்தார். அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டாள். "நாளைக்கி வந்துடும் அண்ணி. நீங்க நிம்மதியா இருங்க" என்றார். இதே பதிலைத் தினமும் சொன்னார்.

அவர் கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் மீன்கார அம்மா ஒருத்தி கூடையோடு வந்தாள். அம்மா காரப்பொடி மீன் கேட்டாள். வாசலில் உட்கார்ந்து செதில் சுரண்டியபடியே அவள், "எந்த ஊரும்மா நீங்க?" என்றாள்.

"ஜவ்வாது மல."

அவள் கை நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டிவில காட்னாங்களே... ஆந்திராக் காட்டுல, செம்மரம் வெட்டப் போன எடத்துல... அந்த ஆளுங்க உங்க பக்கமா?"

"எங்க ஆளு மொளகு பறிக்கத்தான போயிருக்குது" என்றாள் அம்மா. அவள் கிட்டே வந்து, "அக்கா, ஒரு போன் போட்டுத் தர்றியா?" என்றாள்.

அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் சந்தவாசலில் ரைஸ்மில் வேலையில் இருந்த என் மாமாவுடையது. அவள் அண்ணன். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"எங்கடி கீற நீ? ஊரெல்லாம் தேடுறோம்! நீ கொயந்தய இட்னு கேரளா போய்ட்டன்னு அவன் சொல்றான்..."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மா மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள். மீன்கார அம்மா மீனைப் பாதிச் செதிலோடு விட்டுவிட்டு எழுந்து, "அவன் வர்றதுக்குள்ள கெளம்பு தாயி" என்றாள். தோப்பு வழியாகத் தார்ரோடு வரைக்கும் கூடவே வந்து எங்களைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் நான், "அப்பா நாளைக்கி அங்க வந்து நம்மளக் காணோமேன்னு தேடுமே" என்றேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் நிலத்தின் ஓரத்தில் புதுமண் மேடாகக் கிடந்தது. சித்தப்பா ஊர்ப்பக்கம் போய் வந்த அன்று, உறவுக்காரன் என்று சொல்லி அப்பாவின் உடலை வாங்கிவந்தது அவர்தான். பெண்சாதி கேரளாவில் எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை, உடல் தாங்காது என்று அவசரமாகப் புதைக்க வைத்ததும் அவர்தான். பள்ளத்தில் விழுந்து செத்தார் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். ஆந்திரா போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அடித்தே கொன்றார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. கட்டினவள் இல்லாததால் கேள்வி கேட்க யாரும் இல்லை. சித்தப்பா அதற்குப் பிறகு மலைக்கு வரவே இல்லை.

பெண்கள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களை விலக்கிவிட்டு அம்மா ஆண்கள் நின்ற பக்கம் போனாள்.

"மொகத்த யாரு பாத்தீங்க?"

அம்மா ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள்.

"இத்தினி பேரு இருந்தீங்களே. ஒருத்தருமா பாக்கல?"

"துணி சுத்தி இருந்துச்சும்மா" என்றார் ஊர்க்கவுண்டர், தரையைப் பார்த்தபடி. "தொறக்க வேணாம்னு சொல்லிட்டான்."

எல்லோரும் அழுதபோது நான் மட்டும் அழவில்லை. முகத்தை யாருமே பார்க்கவில்லை என்றால், புதைத்தது வேறு யாரையோ! அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அம்மாவும் அதையேதான் நினைக்கிறாள் என்று நம்பினேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நிற்பேன். ரொம்ப நாள் அப்படி நின்றேன்.

நான் பத்தாவது படிக்கும்போது பக்கத்து ஊருக்கு இதேபோல ஒரு உடல் வந்தது. அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன். ஆண்கள் தடுத்தார்கள். அம்மா கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "துணிய எடுங்க. இன்னா பண்ணி அனுப்பிக்கீறாங்கன்னு அவ பாக்கட்டும்" என்றாள்.

எடுத்தார்கள். அந்தப் பெண் பார்த்தாள். அம்மாவும் குனிந்து, அவசரமே இல்லாமல், நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் பார்த்தாள்.

அப்பாவின் முகத்தை யார் பார்த்தீர்கள் என்று அன்று அவள் கேட்டது இதற்குத்தான். எட்டு வயதில் எனக்கு அது சந்தோஷமான கேள்வியாக இருந்தது.